மீன்காரியின் பாவாடை

புதுச்சேரியில் நாடக உடைகள் தைக்கும் மர்த்தீனாவுக்கு வயது முப்பத்தாறு. அவளிடம் தொழில் கற்க வந்த சவரிராயனுக்கு அறுபத்திரண்டு; ஓய்வுபெற்ற நூலகர். அவர் அவளை "மாஸ்டர்" என்பார். அவள் அவரை "சார்" என்பாள். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் குறையில்லை.

ஒன்றரை வருடம் கொக்கி மட்டுமே தைத்தவர் கைக்கு முதன்முறையாகக் கத்தரிக்கோல் வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் துறைமுகமான ஆண்ட்வெர்ப் நகரத்து மீன்காரியின் உடை. ஆதாரம், அக்காலத்து ஓவியம் ஒன்றின் அச்சுப்படம். தேறினால் இனி அவரே துணி வெட்டலாம். தேறாவிட்டால் மறுபடி கொக்கி.

சவரிராயன் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அளவுகோல் வைத்து அளந்தார். பாவாடை வலப்பக்கம் கணுக்காலைத் தொட்டது. இடப்பக்கம் முழங்கால்வரை ஏறி, சிவப்பு உள்பாவாடையைக் காட்டியது. அந்த ஊர்ப் பாணி என்று குறித்துக்கொண்டார். அதற்கு ஓர் அடிக்குறிப்பும் எழுதினார். பிறகு இடப்பக்கம் குட்டையாக வரும்படி கம்பளித் துணியைச் சாய்வாக வெட்டினார்.

நடிகை சுகிர்தா அதை உடுத்தி, கூடையோடு நின்றாள். படமே எழுந்து வந்ததுபோல் இருந்தது.

"ஓர் இழையாவது மாறியிருக்கிறதா, மாஸ்டர்?"

"இல்ல சார்." மர்த்தீனா சுகிர்தாவிடம் திரும்பினாள். "கடைசிக் காட்சி. வியாபாரம் முடிஞ்சு மாதா கோயில் பூசைக்குக் கிளம்புறே. செஞ்சு காட்டு."

சுகிர்தா கூடையை இறக்கினாள். பாவாடைமேல் முன்பக்கம் கட்டியிருந்த ஏப்ரனில் கையைத் துடைத்தாள். பிறகு அந்தக் கை தானாக இடுப்புக்குப் போய் எதையோ தேடியது.

"செருகினதை இறக்கி விடணுமே. காணோமே, மாஸ்டர்?"

"எதைச் செருகியது?" என்றார் சவரிராயன்.

"பாவாடையைத்தான் சார்," என்றாள் சுகிர்தா. "மீன் தண்ணியில நிக்கிறவ தூக்கிச் செருகாம நிப்பாளா? உங்க வீட்டுல மீன் கழுவி நீங்க பார்த்ததே இல்லையா?"

அறுபது வருடமாக மீன் சாப்பிட்டு வந்தவர் யோசித்துப் பார்த்தார். பார்த்ததாக நினைவில்லை.

"படத்தில் செருகல் தெரியவில்லையே."

"ஏப்ரன் மறைக்குது சார்," என்றாள் மர்த்தீனா.

அவர் கத்தரிக்கோலை அவள் பக்கமாகத் தள்ளி வைத்தார். "நாளையிலிருந்து கொக்கி தைக்கிறேன்."

"வெட்டின துண்டெல்லாம் எங்கே?"

கொண்டுவந்தார். நான்கு துண்டுகள். ஒவ்வொன்றிலும் சீட்டு குத்தி, வரிசை எண்ணும் தேதியும் எழுதியிருந்தார். மர்த்தீனா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஒட்டுப்போட உட்கார்ந்தாள். அவர் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார்.

மாலையில் சுகிர்தா மறுபடி உடுத்தினாள். ஓரத்தைத் தூக்கி இடுப்பில் செருகினாள், அதே படம். உருவிவிட்டாள், பாவாடை கணுக்கால்வரை சுற்றிலும் இறங்கியது. ஒட்டு எங்கே இருக்கிறதென்று சவரிராயனுக்கே தெரியவில்லை.

மர்த்தீனா கத்தரிக்கோலை அவர் முன் வைத்தாள். பக்கத்தில் இன்னொரு அச்சுப்படம்: தலையில் வெள்ளைத்துணி கட்டிய ஒரு ரொட்டிக்காரி.

அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். கொஞ்சம் யோசித்துத் திரும்பக் கீழே வைத்தார்.

"இதில் எங்கிருந்து தொடங்குவது, மாஸ்டர்?"

"இவ எத்தனை மணிக்குக் கடையைக் கட்டுவான்னு முதல்ல கேளுங்க, சார்."