ஆவாரங்குண்டுக்கு உயிர் கொடுத்த கதை

ஆவாரங்குண்டில் முட்டாள்கள் யாரும் கிடையாது. அதை அந்த ஊர்க்காரர்களே கூட்டம் போட்டுக் கைதூக்கி முடிவு செய்திருந்தார்கள். சிலர் இரண்டு கையையும் தூக்கியதால், இருந்த தலையைவிட ஓட்டு அதிகமாகவே விழுந்தது.

ஊர்த்தலைவர் பெயர் சீனியாண்டி. மழை பொய்த்து, கண்மாய் வெடித்து, ஆட்களெல்லாம் பனியன் தைக்கத் திருப்பூருக்குப் போனபிறகு ஊரில் மிஞ்சியது பதினெட்டு வீடு. சீனியாண்டியின் ஒரே மகன் பரமனும் கல்யாணமான மறுமாதமே பெண்டாட்டியோடு பஸ் ஏறிவிட்டான். ஏறும்போது மருமகள் செல்வராணி ஒரு வார்த்தை சொன்னாள்: "ஒழுகாத ஒரு வீடும் உள்ளூர்ல ஒரு வேலையும் இருந்தா நாளைக்கே வந்துருவோம் மாமா."

மறுநாள் காலையில் சீனியாண்டி குளித்து, வேட்டி மாற்றி, பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார். நாளைக்கு என்றுதானே சொன்னாள். மூன்று நாள் நின்று பார்த்துவிட்டு, அந்த 'நாளைக்கு' இன்னும் பிறக்கவில்லை என்று புரிந்துகொண்டு வீடு திரும்பினார். ஆனாலும் பஸ் சத்தம் கேட்டால் சாப்பாட்டில் இருந்தாலும் எழுந்துவிடுவார்.

இந்த நிலைமையில்தான் ஜீப் வந்தது. வாடிய ஊர்களைத் துளிர்க்க வைக்கும் ஏதோ ஓர் அறக்கட்டளையிலிருந்து பிரபாவதி மேடம் வந்து இறங்கினார். எதிரே இருந்தது நாற்பது பேர். அவர்களிடம் பேச மைக், ஒலிபெருக்கி, அதைத் தூக்க இரண்டு ஆள் எல்லாம் கூடவே வந்திருந்தன.

"உங்க ஊர் கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டிருக்கு" என்று மேடம் ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். சீனியாண்டியின் மனைவி இருளாயி தலைமுடியை அவிழ்த்துப் போட்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். மற்றப் பெண்களும் கட்டிப்பிடித்து உட்கார்ந்தார்கள். சீனியாண்டி போய், இன்னும் சாகவில்லை, செத்துக்கொண்டுதான் இருக்கிறது, எடுக்கிற நேரத்தில் சொல்கிறேன் என்று சமாதானப்படுத்தினார். மேடம் தன் குறிப்பேட்டில், 'மக்கள் ஈடுபாடு மிக நன்று' என்று எழுதிக்கொண்டார்.

பிறகு திட்டத்தை விளக்கினார். ஊர்க்காரர்களே சேர்ந்து மூன்று மாதத்துக்குள் ஒரு பசுமை மாதிரி வீடு கட்ட வேண்டும். பெரியவர்கள் வந்து பார்த்து மதிப்பெண் போடுவார்கள். தேறிவிட்டால் இருபது புது வீடும், வேப்பங்கொட்டையில் எண்ணெய் எடுக்கும் ஆலையும் வரும். போனவர்கள் திரும்பி வருவார்கள். சீனியாண்டிக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் மறுபடி மறுபடி காதுக்குள் ஓடியது.

கட்டளை நாலே நாலு. வெளியிலிருந்து எந்தப் பொருளும் கொண்டுவரக் கூடாது, ஊரில் இருப்பதை வைத்தே கட்ட வேண்டும். சுவர் மூச்சு விட வேண்டும். துளிப் புகைகூட வெளியே போகக் கூடாது. கார்பன் கால்தடத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். சொன்ன சொல் பிசகாமல் செய்வோம் என்று சீனியாண்டி வாக்குக் கொடுத்தார். ஆவாரங்குண்டுக்காரர்கள் வாக்குத் தவறியதே இல்லை. அந்த ஊரின் கஷ்டமே அதுதான்.

ஜீப் போனதும் ஆலோசனை தொடங்கியது. இருளாயியின் தம்பி சங்கிலி கொத்தனார். கண்மாய் மண்ணை வெட்டிச் சுவர் வைக்கலாம் என்றான். பால்சாமி ஒத்துக்கொள்ளவில்லை. பால்சாமி கண்ணாடி வாங்க மதுரைக்குப் போய் மூன்று நாள் தங்கியவர். அந்தக் கண்ணாடியைப் போட்டபிறகு அவர் சொல்வதெல்லாம் அறிவு என்று ஊரில் ஒரு பழக்கம்.

"கண்மாய் மூணு ஊருக்குப் பொது. அதுல எந்த மண்ணு நம்ம மண்ணு, எது வெளி மண்ணுன்னு யாரு பிரிக்கிறது?" என்றார் பால்சாமி.

"அப்ப ஊருக்குள்ள என்னதான் இருக்கு?" என்று கேட்டான் சங்கிலி.

"பதினெட்டு வீடு இருக்கே."

எல்லோரும் பால்சாமியின் கண்ணாடியை மரியாதையோடு பார்த்தார்கள். மறுநாளே வீடுகளைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். இருளாயிக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"வீட்டையெல்லாம் இடிச்சிட்டா நாம எங்க இருக்கிறது?"

"புது வீட்டுலதான்" என்றார் சீனியாண்டி.

"அதைத்தான் இன்னும் கட்டலையே."

"அதுக்குத்தானடி இடிக்கிறோம்."

பதில் இவ்வளவு நேராக இருந்ததால் இருளாயி மேலே கேட்கவில்லை.

கடைசியாகச் சீனியாண்டியின் வீட்டுக்கு வந்தார்கள். அடுப்பங்கரைச் சுவரில் பரமன் வளர வளர உயரம் பார்த்துக் கீறிவைத்த கோடுகள் இருந்தன. அந்தக் கோட்டை மட்டும் சேதமில்லாமல் எடுத்துக் கொடு என்று மச்சினன் சங்கிலியிடம் கேட்டுக்கொண்டார் சீனியாண்டி. அவனும் பொறுப்பாக அந்த இடத்து மண்ணைத் தனிக் கூடையில் உதிர்த்துக் கொடுத்தான். மண்ணெல்லாம் இருந்தது, கோடுதான் அகப்படவில்லை. இரண்டு பேரும் வெகுநேரம் கூடைக்குள் கையைவிட்டுத் துழாவினார்கள். எங்கேயாவது அடியில் கிடக்கும் என்று சங்கிலி தேறுதல் சொன்னான்.

இரண்டு மாதத்தில் மாதிரி வீடு எழும்பிவிட்டது. பதினெட்டு வீட்டு மண்ணும் ஓடும் சேர்ந்ததால் நெல் மூட்டை அடுக்கும் கிட்டங்கி மாதிரி நீண்டு கிடந்தது. என் வாசல்தான் வேண்டும் என்று ஒவ்வொரு குடும்பமும் அடம்பிடித்ததில் பதினெட்டுக் கதவு. புகை வெளியே போகக் கூடாதென்பதால் ஒரு ஜன்னலும் வைக்கவில்லை. உள்ளே பதினெட்டு அடுப்பு எரிய, பதினெட்டுக் கதவையும் சாத்திக்கொண்டு சமைத்தார்கள். யார் வீட்டுக் குழம்பை யார் தின்றார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கண் தெரியவில்லையே தவிர, கட்டளை பிசகவில்லை.

அடுத்தது சுவர். பால்சாமி காதை வைத்து நாலு பக்கமும் கேட்டுப் பார்த்தார். கிழக்குச் சுவரில் ஏதோ கரகரவென்று சத்தம் வந்தது. அது கரையான். மூச்சு என்று எழுதிக்கொண்டார்கள். மேற்குச் சுவரில்தான் ஒரு சத்தமும் இல்லை.

"சளிதான்" என்றார் பால்சாமி. "புதுசா எழுப்பின சுவரு, பனிக்காத்து பட்டிருக்கும்."

உடனே நாலு பானையில் நொச்சியிலையைப் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். பெண்கள் கம்பளிகளைக் கொண்டுவந்து சுவரை மூடினார்கள். மூன்று நாள், வேளைக்கு ஒருதரம் ஆவி பிடித்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் சுவர் லேசாக முன்னால் சாய்ந்து, புஸ் என்று ஒரு சத்தத்தோடு கம்பளிகளின்மேல் படுத்துவிட்டது.

சீனியாண்டி ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டார்.

"மூச்சை விட்டுருச்சு மச்சான்" என்றான் சங்கிலி.

நல்லபடியாக விட்டதா என்று விசாரித்துத் திருப்தி அடைந்தார் சீனியாண்டி. ஆனால் மேற்குப் பக்கம் திறந்துகொண்டதில் புகை வெளியே போக ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் அடுப்பு மூட்டுவதையே நிறுத்திவிட்டு, ஊறவைத்த அவலும் வெங்காயமுமாகச் சாப்பிட்டார்கள்.

மிச்சமிருந்தது கால்தடம். கார்பன் என்றால் கரி என்று பால்சாமிக்குத் தெரிந்திருந்தது. நம் காலில் கரியே இல்லையே, இல்லாததை எப்படிப் பாதியாகக் குறைப்பது என்று சங்கிலி கேட்டது நியாயமாகப் பட்டது. ஆகவே எல்லோரும் முதலில் பாதத்தில் கரியைப் பூசிக்கொண்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். விழுந்த தடங்களை எண்ணினார்கள். பிறகு ஆளுக்கு ஒரு காலை மடக்கிக்கொண்டு, நொண்டியடித்தே இன்னொரு சுற்று வந்தார்கள். பாதிதான் விழுந்தது. அன்றுமுதல் ஆவாரங்குண்டில் யாரும் இரண்டாவது காலைத் தரையில் ஊன்றவில்லை. ஆடுகள்தான் ஒத்துழைக்க மறுத்தன.

குறித்த நாளில் மேடம், அறக்கட்டளையின் பெரிய ஐயாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெரிய ஐயா கையில் ஒரு படிவம் இருந்தது. அதை விட்டு அவர் கண்ணை எடுக்கவே இல்லை. வெளிப் பொருள் ஏதாவது வந்ததா? வரவில்லை. மின்சாரம் எவ்வளவு செலவாகிறது? வீடுகளை இடித்த அன்றே மீட்டரெல்லாம் போய்விட்டது, ஆகவே செலவில்லை. புகை? இல்லை. இடிபாட்டுக் கழிவு? துளியும் இல்லை. கால்தடம்? வரிசையாக நொண்டிக் காட்டினார்கள். வீட்டுக்கு நாலு சுவர் இருக்கிறதா, உள்ளே இருப்பவர்கள் சோறு தின்கிறார்களா என்ற கேள்விகள் அந்தப் படிவத்தில் இல்லை.

நூற்றுக்கு நூறு என்று அறிவித்தார் பெரிய ஐயா. இந்த மாநிலத்திலேயே இப்படி ஒரு பசுமையான ஊரைத் தாம் கண்டதில்லையாம். மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோரையும் மேற்குப் பக்கத்துக்கு வரச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அங்கேதான் சுவர் மறைக்காமல் வெளிச்சம் நன்றாக விழுந்தது.

சீனியாண்டி ஒற்றைக்காலில் முன்னால் வந்து, எண்ணெய் ஆலை எப்போது வரும் என்று பணிவாகக் கேட்டார்.

"ஆலையா?" என்றார் பெரிய ஐயா. "ஆலை வந்தா மின்சாரம் செலவாகும், லாரி வரும், புகை வரும். இவ்வளவு அருமையான மதிப்பெண் கெட்டுப்போயிடுமே. வேண்டாங்க."

சீனியாண்டி தலையாட்டினார். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, அந்த மேற்குச் சுவர் மாதிரியே, லேசாகச் சாய்ந்தது. ஆனால் பெரியவர் ஜீப்பில் ஏறிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "இந்த மாதிரி வீட்டை நீங்க இங்கயே வச்சிக்கக் கூடாது. சுத்தி இருக்கிற நாலு ஊருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கணும். அது உங்க பொறுப்பு."

மறுநாள் காலையிலேயே வேலை தொடங்கிவிட்டது. மண் ஓர் ஊருக்கு, ஓடு ஓர் ஊருக்கு, மரம் ஓர் ஊருக்கு, கதவுகள் ஓர் ஊருக்கு என்று சங்கிலி பிரித்துக் கொடுத்தான். ஊரே நாலு திசையில் நொண்டியபடி கிளம்பியது. சீனியாண்டியின் தலையில் அவர் வீட்டுக் கதவு, நிலையோடு இருந்தது. பின்னால் இருளாயி தட்டுமுட்டுச் சாமான்களோடு நொண்டினாள்.

தார்ரோட்டில் ஏறினார்கள். எதிரே பஸ் வந்தது. பழக்கதோஷத்தில் சீனியாண்டி நின்றுவிட்டார். பார்த்தால், பஸ்ஸிலிருந்து பரமனும் செல்வராணியும் பெட்டி படுக்கையோடு இறங்குகிறார்கள். பெரிய ஐயாவோடு எடுத்த படம் அதற்குள் போன் வழியாகத் திருப்பூர்வரை போயிருந்தது. நூற்றுக்கு நூறு வாங்கிய வீட்டைப் பார்க்க வேலையை விட்டுவிட்டே வந்துவிட்டார்கள்.

"வீடு எங்கப்பா?" என்றான் பரமன்.

சீனியாண்டி கதவை இறக்கி நடுரோட்டில் நிமிர்த்தி நிறுத்தினார். "ஓடு தெக்க போயிருக்கு. மண்ணு கிழக்க போயிருக்கு. வாசல் இந்தா இருக்குய்யா. உள்ள வாங்க" என்று கதவைத் திறந்தார்.

இருளாயி கிடைத்த தட்டில் ஆரத்தி சுற்றினாள். செல்வராணி வலது காலை எடுத்து வைத்தாள். இன்னொரு காலையும் வைக்கப் போனவளைச் சீனியாண்டி தடுத்து, ஒன்று போதும்மா என்றார். நாலு பேரும் உள்ளே வந்தபிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். மகன் முகத்தைத் தடவிப் பார்த்தார். எத்தனையோ நாளைக்கப்புறம் அவருக்கு வீட்டில் இருப்பதுபோல இருந்தது.

வெளியே பஸ் ஆரன் அடித்தது.

"யாரு?" என்று கேட்டார் சீனியாண்டி.

"பஸ்ஸுங்க" என்றார் டிரைவர்.

சீனியாண்டி தாழ்ப்பாளை நீக்கி, வந்தவர்களை வாசலில் நிற்க வைத்தால் நன்றாக இருக்காது என்று இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டார். டிரைவர் இறங்கி வந்து நிலையை முழம் போட்டார். ரோட்டின் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் பொட்டல். அதை அவரும் பார்த்தார், கண்டக்டரும் பார்த்தார். ஆனாலும் அடுத்தவர் வீட்டுக்குள் போகும்போது வாசல் வழியாகப் போவதுதானே முறை.

பாரம் குறைந்தால் நுழைந்துவிடும் என்றார் கண்டக்டர். ஆட்களை இறக்கினார்கள். மூட்டைகளை இறக்கினார்கள். பிறகு டயரில் இருந்த காற்றையும் இறக்கிவிட்டார்கள். டிரைவர் மறுபடி முழம் போட்டுப் பார்த்துவிட்டு, கண்டக்டரிடம், பஸ்ஸைக் கொஞ்சம் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், இன்னும் ஒரு சாண்தான் இடிக்கிறது என்றார்.