தலைவர் கையால் போணி

ஜிஎஸ்டி கணக்குப் போடும் மென்பொருளை எல்லோரும் தன் மருமகனிடம்தான் வாங்க வேண்டுமென்று வணிகர் சங்கத் தலைவர் வெள்ளியங்கிரி கூட்டத்தில் உறுமினார். "வாங்காதவங்க கடை நாளைக்குச் சந்தையில இருக்காது!"

முன்பே அதை நம்பி வாங்கிய இருவர், அது போட்ட தப்புக் கணக்கால் அபராதம் கட்டியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி தையற்கடை மாராத்தாள். கொதிப்போடு எழுந்தாள்.

"ஏனுங் தலைவரே, இந்தச் சந்தையில எந்தக் கடை திறந்தாலும் முதல் போணி உங்க கைராசியிலதானுங்க? இதுக்கும் நீங்களே போணி பண்ணுங்க. உங்க கடைக் கணக்கை எங்க முன்னாடி இதுல ஏத்துங்க."

மருமகன் ஆசையாக லேப்டாப்பைத் திறந்தான். தலைவர் பாய்ந்து வந்து மூடினார்.

"என் கணக்கை இதுல ஏத்தி நாசமாக்கவா? எனக்கு வேற இருக்குதுடா!"

கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது.

மாராத்தாள் விடவில்லை. "அந்த வேறதோட பேரைச் சொல்லுங்க. நாங்களும் அதையே வாங்கிக்கிறோமுங்க."