செங்கல்லை முகர்ந்தவர்

இந்தக் கதையை நான் பல வருஷங்களாக நம்பவில்லை. நம்பாமலே பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன்.

பூமி சூடாகிறது, கரிப்புகைக்கு வரி போட்டால் குறையுமா என்று எங்காவது கூட்டம் நடந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் இதைச் சொல்வேன். கைதட்டுவார்கள். வீடு திரும்பும்போது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கும்.

எனக்குச் சொன்னவர் செங்கல் சூளைக்காரர் பூவராகன். கதையில் மடத்துச் சாமியிடம் பாடம் கற்கும் சீடரும் அவரே. என் முதல் சந்தேகம் அங்கேதான். தன்னைப் பற்றித் தானே சொல்கிற கதையில் யார்தான் கடைசியில் திருந்தாமல் போகிறார்கள்?

எங்கள் ஊர் மலையடியில் ஒரு பள்ளத்துக்குள் இருக்கிறது. மார்கழியில் சூளைப்புகை மேலே எழும்பாது. வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஊரே இருமியது. சூளைகளை மூடவேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவெடுத்தார்கள்.

பூவராகன் மடத்துக்கு ஓடினார். மடத்துச் சாமிக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை. பூவராகனுக்கு நாற்பத்தைந்து. வயதைப் பார்க்காமல் காலில் விழுந்தார்.

"சாமி, சூளையை அணைத்தால் என்னை நம்பியிருக்கிற நாற்பது பேர் பட்டினி. அணைக்காவிட்டால் ஊர் என்னை விடாது. நான் என்ன செய்ய?"

"அணைக்க வேண்டாம். எரிக்கிற ஒவ்வொரு வண்டி விறகுக்கும் ஒரு மரக்கால் நெல் கொண்டுவந்து அளந்துவிடும்."

"அளந்தால் புகை போய்விடுமா?"

"அடுத்த வருஷம் இரண்டு மரக்கால்."

பூவராகன் கேட்டது அதை அல்ல. ஆனால் சாமி எழுந்து போய்விட்டார்.

ஊரும் அதற்கு ஒப்புக்கொண்டது. வந்த நெல்லை ஊரில் எல்லா வீட்டு அடுப்புக்கும் சமமாகப் பிரித்தார்கள். குயவர் சடையாண்டி தன் சின்னச் சூளைக்கு அளந்ததைவிட அதிகமாக வாங்கிப்போனார். நான் அப்போது சின்னப் பிள்ளை; எங்கள் வீட்டிலும் அந்த நெல் வெந்தது.

எங்கள் பக்கத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்று தொடங்கி, இரண்டு, மூன்று என்று போவார்கள். சாமி அப்படித் தொடங்கவில்லை.

"புகை. இரண்டு. மூன்று."

சூளைக்காரர்களுக்குக் காது கூசியது. முணுமுணுத்துக்கொண்டே சூளை அடுக்கும் முறையை மாற்றினார்கள். ஈர விறகை ஒதுக்கினார்கள். ஒரே வருஷத்தில் விறகு பாதியானது.

பூவராகன் வேறு வழி கண்டுபிடித்தார். சூளையை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார். அங்கே ஏழெட்டுக் குடிசைகள். மடம் இல்லை, மரக்கால் இல்லை. அங்கே இருமினால் இந்தப் பக்கம் கேட்காது.

தை மாதம் மடத்து மதிலுக்குக் கல் கேட்டார்கள். பூவராகன் இரண்டு வண்டி கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். சாமி மரக்காலை எடுத்துவரச் சொன்னார்.

"மரக்கால் எதற்கு, சாமி? இங்கே நான் ஒரு குச்சிகூட எரிக்கவில்லையே."

சாமி ஒரு செங்கல்லை எடுத்தார். முகர்ந்தார். பூவராகனிடம் நீட்டினார்.

"முகர்ந்து பாரும்."

மண்வாசனைதான் வந்ததாம். பூவராகன் வண்டிகளைத் திருப்பிக்கொண்டு போனார். சாமிக்கு மூக்கு கூர்மை என்று நினைத்து, அத்தனை கல்லையும் ஏரியில் மூன்று நாள் ஊறப்போட்டார். பிறகு மறுபடி ஏற்றினார். ஈரக்கல்லை இழுக்கமுடியாமல் மாடுகள் திணறின. சூளைக்காரர் கல்லைக் குளிப்பாட்டிப் பெண் பார்க்கக் கூட்டிப்போகிறார் என்று தெருவெல்லாம் சிரித்தது.

சாமி மறுபடியும் முகர்ந்தார்.

"இப்போது எப்படி, சாமி?"

"கல்லுக்குச் சளி பிடித்திருக்கிறது. புகை அப்படியே இருக்கிறது."

இந்த முறை பூவராகன் வண்டிகளைத் திருப்பவில்லை. வீட்டிலிருந்து நெல் மூட்டையை வரவழைத்து, தானே மரக்காலைப் பிடித்தார். "புகை" என்று தொடங்கி அளந்தார்.

அதன் பிறகு இரண்டு வருஷம் அந்தப் பக்கம் எரித்தார், இந்தப் பக்கம் அளந்தார். எங்கே எரித்தாலும் அளக்கத்தான் வேண்டும் என்று ஆனபின் மலையைச் சுற்றி வண்டி ஓட்டுவது கட்டுப்படியாகவில்லை. சூளையை இங்கேயே திருப்பிக் கொண்டுவந்து, மற்றவர்களைப் போல விறகைக் குறைத்தார். அந்த நாற்பது பேருக்கும் வேலை போகவில்லை.

நான் மேடையில் சொல்லும்போது கதை இங்கே முடியும். கைதட்டல் இங்கேதான் வரும்.

எனக்கு மட்டும் அந்தக் கல் உறுத்திக்கொண்டே இருந்தது. சுட்ட கல்லில் புகை மணக்குமா? ஆளில்லாத நேரத்தில் நானே ஒன்றை எடுத்து முகர்ந்திருக்கிறேன். வெறும் மண்வாசனை. மலைக்கு அந்தப் பக்கம் நடப்பதை யாராவது முன்கூட்டியே சாமியிடம் போட்டுக்கொடுத்திருப்பார்களோ? இல்லை, பூவராகன் கதைக்காகக் கல்லை நுழைத்தாரோ?

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். எண்பது வயதாகிவிட்டது. கதையை மறுபடி சொன்னார். ஒரு வார்த்தை மாறவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மடத்து வாசலில் அளந்த அந்த இரண்டு வருஷத்து நெல் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"எப்பவும் போலத்தான். எல்லா அடுப்புக்கும் சமமா."

"எங்கள் வீட்டுக்கும் வந்ததா?"

"வராம? அளவு குறையுதுன்னு உங்க அம்மா என்கிட்டயே சண்டைக்கு வந்தாங்களே." அவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷமும் சாமியின் மூக்கைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறேன். சாப்பிட்ட சோற்றை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

"ஐயா, அந்த இரண்டு வருஷமும் இருமியது மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள். அவர்களுக்கு எத்தனை மரக்கால் போயிற்று?"