சங்கரலிங்கத்தின் காது

டாக்டர் சங்கரலிங்கத்துக்கு அன்று மூக்குக்கு மேல் கோபம். சர்க்கரை நோய் வரவழைத்த பதினொரு எலிகளுக்கு வேறு எலியின் கணையத்தைப் பொருத்தியிருந்தார். ஒன்றுகூட மூன்று நாள் தாண்டவில்லை. பன்னிரண்டாவதும் செத்தால் ஆராய்ச்சியை நிறுத்திவிட வேண்டும் என்று விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்கும் குழு சொல்லிவிட்டது.

இருபது வருடம் மனிதர்களுக்குக் கத்தி பிடித்தவர். இங்கே அவருக்குக் குரு, எலிக்கூடத்து டெக்னீஷியன் ஜெபக்கனி. அவரைவிடப் பதினாறு வயது இளையவள். பாதி எரிச்சல் அதனால்தான்.

"என் தையல்ல ஒரு சொட்டு கசிவு உண்டா? நீங்களே சொல்லுங்க."

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் சாகுது? உங்க எலிங்க சரியில்ல."

ஜெபக்கனியின் முகம் சிவந்தது. அந்த எலிகளுக்குத் தினமும் தீனி வைப்பவள் அவள்.

"முதல் நாளே சொன்னேன் சார். கணையத்தை இடுக்கியால தொடாதீங்க, அதோட ஒட்டியிருக்கிற மண்ணீரலைப் பிடிச்சுத் தூக்குங்கன்னு."

"லேசாத்தானே பிடிக்கிறேன். அதுல என்ன ஆயிடும்?"

அவள் மயக்க மருந்து கொடுத்த பன்னிரண்டாவது எலியை மேசைமேல் வைத்தாள். "ஆரம்பிங்க" என்றாள்.

நுண்ணோக்கிக்குக் கீழே, தலைமுடியைவிட மெல்லிய நூல் ஓடியது. வலது கை தைத்தது. இடது கை பழக்கதோஷத்தில் கணையத்தின் ஓரத்தை இடுக்கியால் கவ்விக்கொண்டது. நுண்ணோக்கியின் எதிர்ப்பக்கக் கண்வில்லையில் அதைப் பார்த்த ஜெபக்கனி எழுந்து வந்தாள். இன்னோர் இடுக்கியை எடுத்து அவர் காது மடலைப் பிடித்தாள். லேசாகத்தான்.

"என்ன இது?"

"தைங்க சார்."

ஊசி இரத்தக்குழாய்க்குள் இருந்தது. கையை எடுக்க முடியாது. மூன்றாவது தையலில் காது சுட்டது. ஐந்தாவதில் எரிந்தது. ஏழாவதில் அவருக்கு நெற்றி வியர்த்தது.

"விடுங்க."

"லேசாத்தான் பிடிச்சிருக்கேன். இன்னும் நாலு தையல்தானே."

"பைத்தியமா உங்களுக்கு? விடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"உங்களால சொல்ல முடியுது சார். அந்த எலிக்கு நாமதான் மயக்க மருந்து கொடுத்திருக்கோம்."

சங்கரலிங்கம் கணையத்தைக் கவ்வியிருந்த தன் இடுக்கியைப் பார்த்தார். இடது கையைத் தளர்த்தினார். காதிலிருந்த பிடியும் விட்டது.