பாதிக் கிண்ணம் சுண்ணாம்பு

கரடிக் கணவாய் ஊருக்குச் சட்டம் என்பது ஒரே ஒரு கல்தான். ஊரை அமைத்தவர்கள் நுழைவாயிலில் நட்டுவிட்டுப் போனது. அதில் இருப்பது இரண்டே வரி.

மேல் வரி: கணவாயைக் காப்பது ஊரார் பொறுப்பு என்பதால்.

கீழ் வரி: வீடுதோறும் ஈட்டி வைத்திருக்கும் உரிமையை எவரும் பறிக்கலாகாது.

இப்போது கணவாயை அரசனின் படை காக்கிறது. ஈட்டி மட்டும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. போன சந்தையில் ஒரு மாட்டுப் பேரம் வாய்ச்சண்டையாகி, ஒருவன் வீட்டுக்கு ஓடிப்போய் ஈட்டியோடு திரும்பி வந்தான். செங்கோடரின் தங்கை மகனுக்கு வலது கை போயிற்று.

செங்கோடர்தான் ஊர் நடுவர். இனி வீடுகளில் ஈட்டி இருக்கலாமா, கூடாதா? மறுநாள் சபையில் அவர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தன் குரு நாகவல்லி அம்மையாரிடம் வந்தார். தலை நரைத்த பிறகு பாடம் கேட்க வந்த சீடர் அவர்.

"முன்னோர் என்ன நினைச்சு எழுதினாங்கன்னு தெரிஞ்சுபோச்சும்மா" என்றார். "காவலுக்குப் போனவன் கையிலதான் அந்தக் காலத்துல ஈட்டி இருந்திருக்கு. காவல் போச்சு, ஈட்டியும் போகணும்."

"யார் சொன்னா?"

"பழைய குடும்பங்களை விசாரிச்சேன்."

"எல்லாக் குடும்பத்தையுமா?"

செங்கோடர் தொண்டையைக் கனைத்தார். "தெரிஞ்சவங்களை."

"கொற்றன் என்ன சொல்றார்?"

கொற்றன் எதிர்த்தரப்பு. காட்டோரத்தில் வீடு. ஒருமுறை கொள்ளை போன வீடு. அன்றிலிருந்து ஈட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் அந்த மனிதர் கண்மூடுகிறார்.

"அவரும் நாலு பேரை விசாரிச்சாராம். காவலுக்குப் போகாத வீட்டுலயும் பன்றி விரட்ட ஈட்டி இருந்துதாம். விட்டா ஈட்டியோடதான் பொறந்தோம்னு சொல்வார்."

அம்மையார் எழுந்து சுண்ணாம்பு கரைத்தார். ஊர் வழக்கம் அது. கல்லின் எழுத்துகள் தேய்ந்துவிட்டன. கல்லைக் காட்டிப் பேசப் போகிறவர் முதலில் தன் கையால் எழுத்துகளில் சுண்ணாம்பு பூசி, படித்துவிட்டுத்தான் சபையில் வாய் திறக்கலாம். சுண்ணாம்பு கரைத்துக் கொடுப்பது அம்மையாரின் வேலை.

"போய்ப் படிச்சிட்டு வா" என்று கிண்ணத்தை நீட்டினார்.

கல்லைப் பார்த்ததும் செங்கோடருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழ் வரி மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. கொற்றன் பூசியது, ஈரம்கூட முழுதாகக் காயவில்லை. மேல் வரியில் பாசி அப்படியே கிடந்தது. என்ன நெஞ்சழுத்தம் இந்த மனிதருக்கு!

தேங்காய் நாரை நனைத்து அந்த வெள்ளையைத் தேய்த்துக் கழுவினார். மேல் வரியின் பாசியைச் சுரண்டினார். ஒவ்வோர் எழுத்தாகப் பொறுமையாகப் பூசினார். மருமகனின் வெறும் தோள் நினைவுக்கு வந்தபோது கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு மறுபடி பூசினார். கடைசியில் எட்டி நின்று பார்த்தார். மேல் வரி நுழைவாயிலுக்கு அப்பால் நின்றாலும் தெரியும். மனம் கொஞ்சம் ஆறியது.

திரும்பி வந்து கிண்ணத்தை அம்மையார் முன் வைத்தார்.

"படிச்சிட்டேன். சந்தேகமே இல்லைம்மா. ஆனா அந்தக் கொற்றன் செஞ்ச வேலையைப் பார்த்தீங்களா? பாதிக் கல்லை மூடி வெச்சுட்டு ஊரை ஏமாத்தப் பார்க்கிறார். அவரையெல்லாம் சபையில பேச விடலாமா?"

அம்மையார் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார். பாதி அப்படியே இருந்தது.

"முழுக் கல்லுக்கும் அளவாத்தான் கரைச்சேன்" என்றார். "காலையில கொற்றனும் இவ்வளவுதான் மிச்சம் கொண்டுவந்தார்."