சுவரில் தொங்கிய முதல் காயில்

வேலை தெரிந்தவருக்குத்தான் உள்ளே இடம். உள்ளே போனால்தான் வேலை தெரியும். அந்த வாசலில் நுழைவது எப்படி? சொல்லுங்கள், பார்க்கலாம்.

பிளஸ் ஒன் தொழிற்கல்வி மாணவி ஜெனிட்டா, மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும் பட்டறையில் பயிற்சிக் கடிதத்தை நீட்டினாள். நான்கு மணிக்குள் கையெழுத்து வாங்காவிட்டால் செய்முறை மதிப்பெண் கிடையாது. மணி மூன்றரை.

"அனுபவம் இல்லாத ஆளை இங்க எதையும் தொட விடுறதில்ல, பிள்ள. வேற எங்கயாவது பழகிட்டு வா," என்றார் முதலாளி செல்வநாயகம்.

அங்கே ஒவ்வொருவரும் முதன்முதலாகச் சுற்றிய காயிலைப் பெயர் எழுதிச் சுவரில் மாட்டுவது வழக்கம். ஒன்று மட்டும் கருகியிருந்தது.

"அண்ணாச்சி, அந்தக் கருகினதுல உங்க பேருதான இருக்கு? அதைச் சுத்துறப்ப உங்களுக்கு எத்தன வருஷ அனுபவம்?"

பட்டறையே சிரித்தது. செல்வநாயகம் கையெழுத்துப் போட்டார்.

"எதுல ஆரம்பிக்கப் போற? மிக்சியா, ஃபேனா?"

ஜெனிட்டா, எங்கே தவறியது என்று அவிழ்த்துப் பார்க்க, சுவரிலிருந்த அந்தக் கருகிய காயிலை எடுத்துக்கொண்டாள்.