முதுகில் ஒரு குறி

"பயமாயிருக்கு டீச்சர்," என்றாள் மிருதுளா. "ஒன்பதாம் வகுப்பு சிரிக்குது."

அவள் பயிற்சி ஆசிரியையாகத் திருப்பூர்ப் பள்ளிக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"எதுக்குச் சிரிக்குது?" என்று கேட்டார் சரித்திர ஆசிரியை ஜெசிந்தா.

"நூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல ஆலைகள் பெருகுச்சு, ஊருங்க வளர்ந்துச்சு, கப்பல் கப்பலா ஜனம் வந்து இறங்குச்சுன்னு சொன்னேன். துறைமுகத்துல டாக்டருங்க, நோய் இருக்குமோன்னு தோணறவங்க சட்டையில சாக்பீஸால குறி போடுவாங்க, குறி விழுந்தவங்களைத் திருப்பி அனுப்பினாலும் அனுப்பிடுவாங்கன்னு சொன்னேன். அதுக்குத்தான் சிரிச்சாங்க."

ஜெசிந்தா டப்பாவிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தார்.

"திரும்பு."

தோளுக்குப் பின்னால் ஏதோ கீறியது.

"என்ன எழுதினீங்க டீச்சர்?"

"தொடாதே. பார்க்காதே. பாடத்தை முடிச்சுட்டு வா. உன்னை வெச்சுக்கறதா, திருப்பி அனுப்பறதான்னு அப்புறம் சொல்றேன்."

மிருதுளா சுவரை ஒட்டியே நடந்தாள். வகுப்புக்குள் பக்கவாட்டில் நுழைந்தாள். கரும்பலகைப் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னிக்கு போர்டுல எழுதலீங்களா மிஸ்?"

"முதுகுல பல்லி ஏதும் விழுந்துருச்சுங்களா?" என்றான் இன்னொருவன்.

வகுப்பு சிரித்தது.

"வரிசையில நிக்கறாங்க," என்று ஆரம்பித்தாள். "முதுகுல என்ன போட்டிருக்குன்னு தெரியாது. பின்னால நிக்கறவங்களுக்குத் தெரியும். அவங்க சொல்லமாட்டாங்க."

முதுகைச் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள்.

சிரிப்பு நின்றுவிட்டது.

மதிய மணி அடித்ததும் எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கடைசி பெஞ்ச் சஸ்மிதா மட்டும் நின்றாள். அவளுடைய பெற்றோர் ஒடிசாவிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். வகுப்பில் வாயே திறக்காதவள்.

"என் முதுகைக் கொஞ்சம் பாரும்மா," என்றாள் மிருதுளா.

சஸ்மிதா பார்த்தாள். விரலில் எச்சில் தொட்டு, தோளுக்குப் பின்னால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

"போயிடுச்சு மிஸ்."

அப்போதுதான் மிருதுளாவுக்கு மூச்சு வந்தது.

ஆசிரியர் அறையில் போய் நின்றாள்.

"ஒரு பொண்ணைப் பார்க்கச் சொன்னேன், துடைச்சுட்டா டீச்சர். அனுப்பிடுவீங்களா?"

"எதைத் துடைச்சா?"

மேஜைமேல் அந்த சாக்பீஸ் கிடந்தது. முனை தேயவே இல்லை.

"நகத்தாலதான் கீறினேன்," என்றார் ஜெசிந்தா. "நாளைக்கும் நீயே போ."

அது மிருதுளாவின் காதில் விழவில்லை. வெளியே ஓடினாள்.

குழாயடியில் சஸ்மிதா தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அங்க ஒண்ணுமே இல்லையே. ஏன் துடைச்சே?"

சஸ்மிதா குழாயை மூடினாள். தன் புறங்கையைப் பார்த்தாள்.

"கொரோனா சமயத்துல ஸ்டேஷன்ல எங்க கையில முத்திரை குத்தினாங்க மிஸ். அது எப்பவோ அழிஞ்சு போச்சு. இப்பவும் ஊர்லேர்ந்து வரும்போது, திருப்பூர் வரப்போகுதுன்னா, அம்மா என் கையைப் புடிச்சுத் துடைப்பாங்க. துடைக்காம இறங்க விடமாட்டாங்க."